கறுப்பனின் சத்தம் இறங்கிய குளிர்காலம்

1. தொட்டியை எடுக்கப் போன நாள்

வெஸ்ட் ஈலிங் வீட்டுக்கு நாங்கள் முதலில் போனது தொட்டியைக் கழற்றிக்கொண்டு வருவதற்குத்தான். வேலையில் சேர்ந்து எனக்கு அது முதல் வாரம். விலங்கியல் படித்து முடித்துவிட்டு, ஏதாவது ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாமல், மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்து பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். நிறுவனம் என்றால் ஒரு வான் வண்டி, இரண்டு பம்ப், நிறைய வாளி, முதலாளி சூசை அண்ணை. மன்னார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவருடைய கை ஈரமாகவே இருக்கும்.

கதவைத் திறந்தவர் குணம் அங்கிள். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களை உள்ளே விட்டதும் சூசை அண்ணையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மனிசிக்காகத்தான் வாங்கினனான் தம்பி. இப்ப அவவுக்குக் கண் தெரியாது. இனி இது ஆருக்கு? கழட்டிக்கொண்டு போங்கோ."

அவர் எவ்வளவு தாழ்த்திச் சொல்லியும் முன்னறையில் இருந்த அவர் மனைவி ராணி அன்ரிக்கு அது கேட்டுவிட்டது.

"எனக்குக் கண்தான் போச்சு. காது இருக்கு," என்றார்.

நீரிழிவு அவருடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பது மட்டும் தெரியும். ஆனாலும் நாற்காலியைத் தொட்டிக்கு நேரே போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

நாலு அடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். நல்ல கறுப்பு. செதிள் கிடையாது, முதுகில் துடுப்புச் செட்டை கிடையாது. வயிற்றுக்குக் கீழே தலையிலிருந்து வால்வரை ஒரே செட்டை நாடாபோல ஓடுகிறது. அதை அலையவிட்டு முன்னுக்கும் போகும், திரும்பாமலே பின்னுக்கும் போகும். வால் நுனியில் இரண்டு வெள்ளை வளையம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பிளாக் கோஸ்ட். கத்தி மீன் குடும்பம். தென்னமெரிக்காவின் ஆழமான, கலங்கிய ஆறுகளின் அடியில் இதன் இனசனங்கள் வாழ்கின்றன.

"பேய் எண்டு பேர் வச்ச சாமானை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறம்," என்றார் அங்கிள்.

"பேயுமில்லை பிசாசுமில்லை அண்ணை. அமேசன்காரன்," என்றார் சூசை அண்ணை. "எங்களைப்போலத்தான். வந்த இடத்தில மூலையில இருக்கிறான்."

"அவன்ர பேர் கறுப்பன்," என்றார் அன்ரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாளிகளை இறக்க அண்ணை வானுக்குப் போனார். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"அன்ரி, இந்த மீனைப் பாக்கத் தேவையில்லை. கேக்கலாம்."

"மீன் கத்துமோ பிள்ளை?"

"கத்தாது. இது வாலிலயிருந்து சின்னதா ஒரு கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். கலங்கின தண்ணியில கண் உதவாது. அந்தக் கரண்டாலதான் வழி பாக்கும், இரை தேடும். படுத்தாலும் எழும்பினாலும் நிப்பாட்டாது. அதைப் பிடிச்சு ஸ்பீக்கரில விட்டா சத்தமாக் கேக்கும்."

பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இதற்கென்று நானே ஒரு கருவி செய்திருந்தேன். இரண்டு துருப்பிடிக்காத கம்பி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை வெட்ட ஒரு சர்க்கிட், பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர். அது என் பையிலேயே கிடக்கும். கம்பிகளைத் தொட்டியின் இரண்டு பக்கமும் இறக்கினேன். ஸ்பீக்கரைத் திருகினேன்.

ஒரே சீரான சத்தம். ஏற்றமில்லை, இறக்கமில்லை, இடைவெளியில்லை. யாரோ மெல்லிய குரலில் ஒரு எழுத்தைப் பிடித்து மூச்சு விடாமல் நீட்டுவதுபோல.

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முதல் கொழும்பில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக வேலை செய்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இஞ்சருங்கோ, லைன் இருக்கு," என்றார் கணவரிடம். "உயிரான லைன்."

அண்ணை வாளிகளோடு வந்து வாசலில் நின்றார். சத்தத்தைக் கேட்டார். அன்ரியின் முகத்தைப் பார்த்தார். வாளிகளைத் திரும்ப வானில் ஏற்றிவிட்டு வந்து, "மாசத்துக்கு ஒருக்கா வந்து தண்ணி மாத்திறம்," என்றார்.

வானில் ஏறியபிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கழட்டப் போன வேலையைக் கட்டிப்போட்டு வந்திருக்கிறாய் மது. நல்ல வியாபாரம்தான். பேட்டரியை மட்டும் என்ர கணக்கில எழுதாதை."

2. கை வைக்க முதல்

அந்தக் கோடை முழுக்க ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதும், மகன் கனடாவிலிருந்து எடுக்கும் ஃபோனில் கதைக்கும்போதும், பின்னால் கறுப்பன் இருப்பான். வேறு யாராவது என்றால் இரண்டு நாளில் தலையிடி வந்திருக்கும். அன்ரி அந்தச் சத்தத்தில் சாய்ந்துகொண்டு இருந்தார்.

இந்த இனத்தில் ஒவ்வொரு மீனுக்கும் தனிச் சுருதி உண்டு. பக்கத்தில் இன்னொன்று வந்து அதே சுருதியில் குறுக்கிட்டால் ஒன்று கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். தனியாக இருந்தால் மாற்றமே இருக்காது. ஒன்றைத் தவிர: தண்ணீர் குளிர்ந்தால் சுருதி இறங்கும், சூடானால் ஏறும். இதையெல்லாம் நான் ஒரு மணி நேரம் விரித்துச் சொன்னேன். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொட்டுப் பாக்கலாமோ?" என்றார்.

தொடலாம். பிளாக் கோஸ்ட் பழகினால் கைக்குள் வந்து பக்கவாட்டில் படுக்கும். அன்ரி தண்ணீருக்குள் கையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். வந்தான். உள்ளங்கையில் சாய்ந்தான்.

அங்கிள்தான் பதறிப்போனார்.

"கரண்ட் மீன் எண்டு சொன்னனீ பிள்ளை! அடிக்காதோ?"

"அடிக்காது அங்கிள். எங்களுக்கு அது தெரியக்கூட மாட்டுது. மின்சார விலாங்கு எண்டு சொல்லுற பெரிய ஈல்தான் அடிக்கும். இது அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"சொந்தம் எண்டா குணம் வரும்தானே."

மீனைப் பற்றிய அவருடைய பயத்தை என்னால் போக்க முடியவில்லை. ஆனால் தொட்டியில் பயப்பட வேண்டிய ஒன்று உண்மையிலேயே இருந்தது. தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடி ஹீட்டர். அந்தக் கண்ணாடி வெடித்திருந்தால், வயர் பழுதாகியிருந்தால், தண்ணீருக்குள் கை வைப்பவருக்கு ஆபத்து. எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லும் விதியை அவருக்கும் சொன்னேன்.

"கை வைக்க முதல் ஹீட்டர் சுவிட்சை நிப்பாட்டுங்கோ. எடுத்தாப்பிறகு போடுங்கோ. அவ்வளவுதான்."

அவர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார். "பஸ் ஓட்டின எனக்குச் சேஃப்டி சொல்லித்தர வேண்டாம் பிள்ளை. சொன்னாச் சொன்ன மாதிரிச் செய்வன்."

3. அன்ரியின் ஃபோன்

நவம்பரில் ஒரு பின்னேரம், வெம்பிளியில் ஒரு உணவகத்தின் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றபோது அன்ரி ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, கறுப்பன்ர சத்தம் பதிஞ்சு கேக்குது."

"ஸ்பீக்கரில பேட்டரி இறங்கியிருக்கும் அன்ரி."

"பேட்டரி இறங்கினாச் சத்தம் சின்னதாகும். இது சின்னதாகேல்லை. கீழ இறங்கியிருக்கு. எனக்கு வித்தியாசம் தெரியாதோ?"

மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னேன். போனேன். வீடு துப்புரவாக இருந்தது. தேத்தண்ணி, ரோல்ஸ் எல்லாம் தயார். நான் வருகிறேன் என்றால் அங்கிள் முதல்நாளிலிருந்தே அன்ரியைத் தொட்டியில் கை வைக்க விடமாட்டார். "பிள்ளை வாறா, தண்ணியைக் கலக்காதை" என்பார். விருந்தாளி வரும் வீட்டில் மேசைவிரிப்பு மாற்றுவதைப்போல அது அவருக்கு ஒரு மரியாதை.

தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. சரியான சூடு. தண்ணீரைச் சோதித்தேன். சரி. கறுப்பன் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து வந்து என் விரலை முகர்ந்துவிட்டுப் போனான். ஃபோனில் சுருதி அளக்கும் ஆப்பைத் திறந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். போன மாதச் சர்வீஸில் அளந்தபோது வந்த அதே எண்.

"ஹீட்டர் ஒழுங்கா வேலை செய்யுதோ அங்கிள்?"

"நீ சொன்ன மாதிரித்தான் எல்லாம் செய்யிறன்."

"அன்ரி, ஒண்டும் மாறேல்லை," என்றேன். "தண்ணி குளிர்ந்தாத்தான் இறங்கும். தண்ணி சரி. சத்தமும் அதே நம்பர்."

அன்ரி தலையைச் சாய்த்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"ஓம். இப்ப சரியாத்தான் கேக்குது," என்றார். அந்த 'இப்ப' என்ற சொல்லை நான் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் திரும்பவும் ஃபோன். திரும்பவும் போனேன். திரும்பவும் இருபத்தாறு, அதே எண். வாசலுக்கு வழியனுப்ப வந்த அங்கிள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, நீ படிச்சனீ. கண்ணைத் தின்ற வருத்தம் காதையும் தின்னுமோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். ஒரு முறை டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் கேட்டார். காது பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

4. ஸ்பீக்கர் நின்றது

டிசம்பர் சர்வீஸுக்குப் போனபோது வீடு அமைதியாக இருந்தது. பேட்டரி போய்விட்டதாக்கும் என்று ஸ்பீக்கரை எடுத்தேன்.

"வேண்டாம் பிள்ளை. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்," என்றார் அன்ரி.

"ஏன் அன்ரி?"

அவர் சேலைத் தலைப்பை மடித்து, விரித்து, மடித்தார்.

"சில நேரம் சரியாக் கேக்குது. சில நேரம் இறங்கிக் கேக்குது. நீ வந்து அளந்தா ஒரு மாற்றமும் இல்லை எண்டு சொல்லுறாய். அப்ப என்ன? அவன் அப்பிடியேதான் இருக்கிறான். நான்தான் மாறிக்கொண்டு போறன். கண் போகேக்கையும் இப்பிடித்தான். ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. பிறகு ஒரேயடியாப் போச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு நெஞ்சு இடிக்குது. காது எவ்வளவு மிச்சம் எண்டு அது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு இருக்குது."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தொட்டிப் பக்கம் கையை நீட்டி விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேக்காட்டில் என்ன, கையில வந்து படுக்கிறான்தானே. அது காணும்."

வானில் வரும்போது அண்ணையிடம் சொன்னேன். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர் ஹாங்கர் லேன் சந்திச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "கண்ணும் இல்லாமல் காதும் இல்லாமல் மனிசி என்ன செய்யும் கர்த்தரே," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

5. சொல்லாமல் போன நாள்

ஜனவரியில், ஹான்வெல் பக்கத்தில் ஒரு பல் வைத்தியர் கடைசி நேரத்தில் வேலையை ரத்துச் செய்தார். வெஸ்ட் ஈலிங் பக்கத்தில்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மணியடித்தேன். அண்ணை வானை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அன்ரி நாற்காலியில் இருந்தார். வலது கை தொட்டிக்குள். ஸ்வெட்டர் கையை மடித்து விட்டிருந்தார். விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன.

கறுப்பன் அவர் கையில் இல்லை. அடியில் குழாய்க்கு வெளியே ஒருக்களித்துக் கிடந்தான். உடம்பு முழுக்க உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. செவுள் அவதி அவதியாக அடித்துக்கொண்டிருந்தது.

தெர்மாமீட்டர் இருபதுக்குக் கீழே நின்றது.

சுவரில் ஹீட்டர் சுவிட்சைப் பார்த்தேன். நிறுத்தியிருந்தது.

"அங்கிள், இது எவ்வளவு நேரமா நிப்பாட்டியிருக்கு?"

"ரெண்டு மூண்டு நாளா," என்றார் அங்கிள், இயல்பாக. "அவ இப்ப ஸ்பீக்கர் இல்லாததால முழுநாளும் கையை வச்சுக்கொண்டுதானே இருக்கிறா. முந்தி நான் காலமை நிப்பாட்டிப்போட்டு இரவில போடுவன். இப்ப இராத்திரியிலும் எழும்பி வந்து வைக்கிறா. நான் நித்திரையில இருக்கேக்க ஏதும் நடந்தா? நீதானே சொன்னனீ, கை வைக்க முதல் நிப்பாட்டுங்கோ எண்டு." என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஏன்? ரூமில ஹீட்டிங் ஓடுதுதானே பிள்ளை? தண்ணி குளிராதே?"

நவம்பரிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அங்கிள் பகல் முழுக்க ஹீட்டரை அணைத்திருப்பார். பின்னேரம் ஆகும்போது தண்ணீர் குளிர்ந்திருக்கும், சத்தம் இறங்கியிருக்கும், அன்ரி எனக்கு ஃபோன் எடுப்பார். நான் வருகிறேன் என்றதும் அங்கிள் கையை எடுக்கச் சொல்லிவிட்டு ஹீட்டரைப் போடுவார். நான் காலையில் போய் இருபத்தாறைப் பார்ப்பேன்.

ஸ்பீக்கரை எடுத்துக் கம்பியை மாட்டினேன். சத்தம் வந்தது. எவ்வளவு தாழ்ந்த சத்தம். எனக்கே தெரிந்தது, எந்த ஆப்பும் தேவைப்படவில்லை.

"அன்ரி, நீங்கள் சொன்னது சரி. தண்ணி குளிர்ந்துதான் சத்தம் இறங்கினது. அப்பவும் இப்பவும். உங்கட காதில ஒண்டும் இல்லை."

அன்ரி ஈரக் கையை எடுத்து மடியில் வைத்தார். அங்கிள் அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரப்பா... நான்தான் நிப்பாட்டினனான். உனக்கு ஏதும் நடந்திடும் எண்டு..."

"தெரியும்," என்றார் அன்ரி. "காலமை டக் எண்டு சுவிட்ச் கேக்கும். இரவிலயும் டக் எண்டு கேக்கும். இந்த ரெண்டு மூண்டு நாளா இரவுச் சத்தம் கேக்கேல்லை. அதுவும் என்ர காதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் இருந்திட்டன்."

அங்கிள் பக்கத்தில் வந்து குந்தினார். அன்ரியின் ஈரக் கையைத் தன் ஸ்வெட்டர் நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அன்ரி அவர் தலையில் மற்றக் கையை வைத்தார்.

அண்ணை வந்தார். பார்த்த உடனே ஜாக்கெட்டைக் கழற்றினார். அவசரப்பட்டுச் சூடாக்கினால் மீன் தாங்காது. மெல்ல மெல்ல, கிண்ணம் கிண்ணமாகச் சுடுதண்ணீர். குளிரால் வரும் வெள்ளைப் புள்ளிக்கு மருந்து இருக்கிறது, ஆனால் செதிள் இல்லாத மீனுக்கு முழு அளவு போட்டால் நோய்க்கு முதல் மருந்து கொன்றுவிடும். பாதி போட்டார். காற்றுக் குமிழி விடும் கல்லை இறக்கினார். அங்கிள் கேத்திலைக் கொதிக்க வைப்பதும் கொண்டு வருவதுமாக நடந்தார். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏறுது," என்றார் அன்ரி ஒரு கட்டத்தில். ஆமாம், தண்ணீர் சூடாகச் சூடாகச் சுருதி கொஞ்சம் ஏறியது. அங்கிள் கேத்திலோடு நின்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

பிறகு சத்தம் மெலிந்தது. விட்டு விட்டு நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூச்சலோடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சல் அடங்கியபோது அறையில் ஸ்பீக்கரின் சத்தமும் இல்லை.

அன்ரி கழுத்தை நீட்டினார்.

"பிள்ளை, வயர் கழண்டிட்டுதோ?"

பார்த்தேன். "இல்லை அன்ரி. வயர் இருக்கு."

"பேட்டரி?"

"புதுசு அன்ரி."

அவருடைய கை காதுக்குப் போனது.

"அப்ப... என்ர காதோ?"

அண்ணை தொட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தார். கறுப்பனின் செட்டை அலையவில்லை. அங்கிள் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்கட காது சரி அன்ரி," என்றேன்.

6. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

அன்ரியின் காதை ஆஸ்பத்திரியிலும் பிறகு பார்த்தார்கள். அந்த வயதுக்கு அருமையான காது என்றார்களாம். அதை எனக்கு ஃபோனில் சொல்லும்போது அங்கிளின் குரலில் சந்தோஷம் இல்லை. வேறு மீன் கொண்டுவரவா என்று கேட்டேன். அன்ரி வேண்டாம் என்றுவிட்டார். கோபத்தில் சொன்னதல்ல. "அவன் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு இருந்தவன் பிள்ளை, குளிருது குளிருது எண்டு. நான் அவனை நம்பாமல் உன்ர நம்பரை நம்பினன்," என்றார்.

எங்கள் வானில் இப்போது புதிதாக ஏறும் எவருக்கும் நான் முதலில் காட்டிக் கொடுப்பது, ஹீட்டரை வடிகட்டியின் பெட்டிக்குள் மறைத்துப் பூட்டும் முறை. கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் பிளக் போட்டு, கை வைப்பவர் எதையும் அணைக்கத் தேவையில்லாமல் செய்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு வெளியே வருகிறோம். அது சின்ன விஷயம், யாரும் ஒரே நாளில் பழகிவிடலாம்.

மற்றது கொஞ்சம் கஷ்டம். வாடிக்கையாளர் ஒருவர் ஃபோன் எடுத்து மீன் சரியில்லை, சத்தம் சரியில்லை, தண்ணீர் ஒருமாதிரி மணக்கிறது என்று சொன்னால், நமக்கு வசதியான நேரத்தில் போய் நம்முடைய கருவியை இறக்கி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. நம்முடைய அளவு பொய்யில்லை. ஆனால் அது நாம் போன நேரத்தின் அளவு. அவர்கள் சொல்வது அவர்களுடைய நேரத்தை. அதனால் நான் இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "எத்தினை மணிக்கு அப்பிடி இருந்தது? அந்த நேரத்துக்கே வாறன்."

வெஸ்ட் ஈலிங்கில் அது பின்னேரமாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் அன்ரி சொல்லியிருப்பார்.